குறைவாக வெட்டி, அதிகமாக முறித்து: கடினமான தரை டைல் வேலையின் பதிவு

கதவு நிலையின் அடியைச் சுற்றி வர வேண்டிய கடைசி டைல், விரிசல் இல்லாமல் இரண்டு பக்கமும் நேராக வெட்டுப்பட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. ஓர் அறை முழுவதற்கும் 600 மி.மீ. சதுரமும் 9 மி.மீ. தடிமனும் கொண்ட வெட்ரிஃபைடு டைல்களை நானே வெட்டிப் பதித்த வேலை இதோடு முடிகிறது. பதிப்பதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். வெட்டுவதைப் பற்றி, அதிலும் பாதுகாப்பாக வெட்டுவதைப் பற்றி, வேலை தொடங்கும் முன் எனக்குத் தேவைப்பட்ட விவரங்கள் ஒரே இடத்தில் கிடைக்காததால் அளவுகளோடு இங்கே குறித்து வைக்கிறேன்.

வேலை முழுவதிலும் நான் கடைப்பிடித்த முடிவு ஒன்றே ஒன்று. கீறி முறிக்கக்கூடிய எந்த டைலையும் சுழலும் பிளேடிடம் கொண்டுபோகக் கூடாது. கீறி முறிக்கும்போது தூசி ஏறத்தாழ இல்லை, சத்தம் இல்லை, மின்சாரம் இல்லை, கையை நோக்கிப் பாயும் கருவியும் இல்லை. ஆகவே பாதுகாப்பு என்பது கண்ணாடியும் முகக்கவசமும் வாங்குவதற்கு முன்பே, தரையின் வரைபடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

முதலில் கையில் இருப்பது என்ன டைல் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. டைலைக் கவிழ்த்து, பின்புறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். சுவருக்கான செராமிக் டைலில் அந்தச் சொட்டு சிறிது நேரத்தில் உறிஞ்சப்பட்டுக் கறையாகப் பரவுகிறது. வெட்ரிஃபைடு டைலில் அது வைத்தது வைத்தபடி நிற்கிறது. சுவர் டைல் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சும். வெட்ரிஃபைடு வகைக்கு அந்த வரம்பு அரை சதவீதம்தான். ஏறக்குறைய 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடப்பட்டு, உள்ளே துளைகளே இல்லாத அளவுக்கு இறுகிப்போன பொருள் அது. சுவர் டைலை வெட்டிப் பழகிய கைக்கு இதனால் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. பேனா போன்ற கண்ணாடி கட்டரால் கீறி, அடியில் ஓர் ஆணியை வைத்து இரு பக்கமும் அழுத்தினால் சுவர் டைல் சொன்னபடி கேட்கும், 9 மி.மீ. வெட்ரிஃபைடு டைலிலோ அதே கருவி மேற்பரப்பில் ஒரு வெள்ளைக் கோட்டை மட்டும் விட்டுவிட்டுச் சறுக்கும், மீறி அழுத்தினால் டைல் தன் விருப்பப்படி உடையும்.

அறையின் அகலம் 3060 மி.மீ. இரு சுவர்களின் ஓரத்திலும் 6 மி.மீ. விரிவு இடைவெளி விட்டால் மிஞ்சுவது 3048 மி.மீ. டைல்களுக்கு இடையே 2 மி.மீ. இடைவெளி காக்கும் ஸ்பேசர் துண்டுகளை வைத்து ஒரு சுவரிலிருந்து முழு டைல்களாக அடுக்கிக்கொண்டே போனால், ஐந்து முழு டைலும் அதற்குப் பின் 38 மி.மீ. அகலத்தில் ஒரு பட்டையும் வரும். பார்ப்பதற்கு அசிங்கம் என்பது ஒருபுறம் இருக்க, அவ்வளவு ஒல்லியான பட்டையை முறித்து எடுப்பது மிகக் கடினம், 30 மி.மீ. அளவுக்குக் கீழே வந்துவிட்டால் நான் முயன்றே பார்க்க மாட்டேன். எனவே நடுவில் நான்கு முழு டைல், இரு ஓரங்களிலும் 319 மி.மீ. துண்டுகள் என்று வரிசையை நகர்த்தினேன். வெட்டும் எண்ணிக்கை இரு மடங்கானது உண்மைதான். ஆனால் அத்தனையும் பாதிக்கு அருகில் விழும் நேர் வெட்டுகள் என்பதால் ஒன்றுகூட சுழலும் பிளேடுக்குப் போகவில்லை. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்ப்பதற்கு ஆகும் நேரம், வேலை முழுவதிலும் மிக மலிவாகக் கிடைத்த பாதுகாப்பு.

அளந்து வெட்டுவதைக் காட்டிலும் வைத்துக் குறிப்பது துல்லியமாக இருந்தது, ஏனெனில் எந்தச் சுவரும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கோட்டில் ஓடுவதில்லை. வெட்ட வேண்டிய டைலைக் கடைசி முழு டைலின் மேல் விளிம்போடு விளிம்பு பொருந்த வைத்தேன். அதன் மேல் வேறொரு முழு டைலை வைத்துச் சுவரை நோக்கித் தள்ளி, சுவருக்கும் அதற்கும் நடுவே 8 மி.மீ. கனமுள்ள துண்டுகளை நிறுத்தினேன், 6 மி.மீ. ஓர இடைவெளிக்கும் 2 மி.மீ. இணைப்புக்கும் சேர்த்து அந்த 8. மேல் டைலின் விளிம்பை ஒட்டிக் கோடு இழுத்தால், கீழ் டைலில் மூடப்படாமல் வெளியே தெரியும் பகுதியே நமக்கு வேண்டிய துண்டு. சுவர் சாய்ந்திருந்தால் கோடும் தானாகவே சாய்ந்துகொள்கிறது. பளபளப்பான பரப்பில் சாதாரணப் பென்சில் பிடிப்பதில்லை என்பதால், கோடு வரும் இடத்தில் காகித ஒட்டுநாடாவை ஒட்டி அதன் மேல் வரைந்தேன். எந்தப் பக்கம் கழிவு என்பதைக் குறுக்குக் கோடுகளால் காட்டிவிட வேண்டும். களைத்த நேரத்தில் சரியான கோட்டின் தவறான பக்கத்தில் பிளேடை வைக்காமல் தடுப்பது அந்தக் குறிதான்.

இப்படி எல்லா டைல்களையும் குறித்து முடித்த பிறகு அவற்றை மூன்று அடுக்காகப் பிரித்தேன்: நேராக முறிக்க வேண்டியவை, மூலையை வெட்டி எடுக்க வேண்டியவை, துளை போட வேண்டியவை. முதல் அடுக்கு மற்ற இரண்டையும் சேர்த்ததைவிடப் பல மடங்கு உயரமாக இருந்ததில்தான் எனக்கு நிம்மதி.

நேர் வெட்டுகளுக்கு ரயில் கட்டர் எனப்படும் கைக்கருவியை வாடகைக்கு எடுத்தேன். ஒரு தட்டு, அதன் மேல் இரண்டு தண்டவாளங்கள், அவற்றில் ஓடும் கைப்பிடி, அதன் நுனியில் டங்ஸ்டன் கார்பைடு சக்கரம், பின்னால் அழுத்தி முறிக்கும் கால், அவ்வளவே. வாடகைக்கு எடுக்கும்போது தட்டின் நீளத்தோடு சக்கரத்தையும் பார்க்க வேண்டும். விரல் நகத்தைச் சக்கரத்தின் விளிம்பில் மெதுவாக உரசினால் மழுங்கிய இடமும் பல் விழுந்த இடமும் தெரிந்துவிடும். என்னிடம் வந்த கருவியில் சக்கரம் தேய்ந்திருந்தது. கீறலில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் இடம் விட்டுப்போய், கோடு புள்ளி புள்ளியாக விழுந்தது. புதுச் சக்கரம் ஒன்றை வாங்கி மாட்டியதும் கருவியின் குணமே மாறிவிட்டது. மொத்தச் செலவில் மிகச் சிறிய தொகை அந்தச் சக்கரத்துக்குத்தான் போனது. வேலையின் தரத்தில் மிகப் பெரிய வேறுபாட்டைக் காட்டியதும் அதுவே.

கீறுவது ஒரே முறைதான். இதை எத்தனை அழுத்திச் சொன்னாலும் தகும். விளிம்பிலிருந்து விளிம்பு வரை, நிறுத்தாமல், ஒரே அழுத்தத்தில் சக்கரத்தை ஓட்டினால் கண்ணாடி கிழிவது போன்ற சீரான ஒலி வரும். அந்த ஒலி இடையில் மாறினால் அந்த இடத்தில் கீறல் விழவில்லை என்று பொருள். கீறல் சரியாக விழவில்லையே என்று அதே கோட்டில் மீண்டும் ஓட்டினேன். இரண்டாவது கீறல் முதலாவதன் மேல் துல்லியமாக விழுவதில்லை. பக்கத்தில் மெல்லிய இன்னொரு பிளவு உண்டாகி, முறியும்போது விளிம்பு பல் பல்லாகச் சிதறியது. விட்டுப்போன இடம் விளிம்பின் ஓரத்தில் இருந்தால் அதை மட்டும் தொட்டுக்கொள்ளலாம். நடுவில் இருந்தால் டைலைத் திருப்பி வேறு துண்டுக்கு ஒதுக்குவதே மேல்.

முறிக்கும் காலை விளிம்பிலிருந்து சுமார் 15 மி.மீ. உள்ளே, கோட்டுக்கு நேர் மேலே நிறுத்தி, எடையை மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். குத்துவது போல அழுத்தினால் பிளவு கோட்டை விட்டு விலகி ஓடுகிறது. பொறுமையாக அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய் ஒரு நொடி நிறுத்தினால், கீறல் தானாகவே டைலின் மறு முனை வரை திறந்துகொள்கிறது. டைலின் முதுகில் ஓடும் மேடுகளின் திசையும் இதில் கொஞ்சம் பேசுகிறது. மேடுகளுக்கு இணையாகக் கீறியவை சுத்தமாகவும், குறுக்காகக் கீறியவை அடிப்புறத்தில் சற்று முரடாகவும் முறிந்தன. அடிப்புறம் சாந்துக்குள் போவதால் அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. முறிந்த விளிம்பு கண்ணாடிச் சில்லைப் போலவே கையை அறுக்கும் என்பதால், துண்டுகளை எடுத்து வைக்கும்போது மட்டும் வெட்டுத் தாங்கும் கையுறையை அணிந்தேன்.

அடுத்தது கதவு நிலைகளும் குழாய்களும். இங்கே முறிப்பது உதவாது. சுழலும் பிளேடைத் தொட்டே ஆக வேண்டும். கருவியை எடுப்பதற்கு முன் சின்னதாக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்ததுதான் தூசியைப் பற்றிய என் அலட்சியத்தைத் தீர்த்தது. 600 மி.மீ. நீளம், 9 மி.மீ. ஆழம், 1.4 மி.மீ. அகலம் கொண்ட ஒரு வெட்டு ஏறக்குறைய 7.5 கன செ.மீ. டைலைப் பொடியாக்குகிறது, எடையில் சுமார் 17 கிராம். அந்தப் பொடியில் ஒரு பங்கு குவார்ட்ஸ், அதாவது படிக சிலிக்கா; அதிலும் ஒரு பங்கு நுரையீரலின் ஆழம் வரை போகும் அளவுக்கு நுண்ணியது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி 2016-இல் அதற்கு வகுத்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றுக்கு 50 மைக்ரோகிராம். 36 கன மீட்டர் அறையை அந்த வரம்புக்குக் கொண்டுவர 1.8 மில்லிகிராம் போதும். 17 கிராமில் அது பத்தாயிரத்தில் ஒரு பங்கை ஒட்டி வருகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தத் தூசியை 1997-இல் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. நுரையீரலில் அது ஏற்படுத்தும் சிலிக்கோசிஸ் என்னும் தழும்பு ஆறுவதில்லை. ஒரு நாள் வெட்டுவதால் நோய் வந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் மூடிய அறையில் உலர்வாக வெட்டி, முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொள்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

எனவே எல்லா வெட்டுகளும் வெளியே, காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, தண்ணீரோடு. முகத்தில் என்95 தரமுள்ள முகக்கவசம். துணிக் கவசமும் அறுவைக் கவசமும் இந்த நுண்தூசியை நிறுத்துவதில்லை. கவசம் முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும் என்பதற்காக வேலை முடியும் வரை தாடியை வழித்துக்கொண்டேன். கண்ணுக்கு நாற்புறமும் மூடிய கண்ணாடி. காதுக்கு அடைப்பான், ஏனெனில் இந்தக் கருவிகள் எளிதாக 100 டெசிபெல்லைத் தொடுகின்றன, அந்த அளவில் பாதுகாப்பின்றி இருக்கக்கூடிய நேரம் ஒரு நாளைக்கு 15 நிமிடமே என்பது தொழில்நல வல்லுநர்கள் வகுத்த கணக்கு. காலுக்கு மூடிய காலணி, உடலோடு ஒட்டிய சட்டை, தொங்கும் துணி எதுவும் இல்லை. சுழலும் பிளேடின் அருகில் தளர்ந்த கையுறை கூடாது; துணி சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

தண்ணீரும் மின்சாரமும் ஓரிடத்தில் சேர்வதால் கருவியைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டியிருந்தது. சாதாரண ஆங்கிள் கிரைண்டரின் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வெட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கருவி அதற்காகச் செய்யப்பட்டதல்ல, காற்றுத் துளைகள் வழியே தண்ணீர் மோட்டாருக்குள் போகும். தயாரிப்பாளரே தண்ணீர்க் குழாய் பொருத்திக் கொடுக்கும் மார்பிள் கட்டரை எடுத்துக்கொண்டேன். இரட்டைக் காப்பு இருப்பதைக் காட்டும், சதுரத்துக்குள் சதுரம் என்ற குறி அதன் தகட்டில் இருந்தது. இணைப்பை 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் பாதுகாப்புச் சுவிட்சு வழியாக மட்டும் எடுத்தேன். தொடங்கும் முன் அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்றும் பார்த்தேன். நீட்டிப்புக் கம்பியின் இணைப்பு தரையில் கிடக்காமல் உயரத்தில் தொங்கியது. கம்பி வழியே வழியும் தண்ணீர் இணைப்புக்குப் போகாமல் கீழே சொட்டும்படி நடுவில் ஒரு தொய்வும் விட்டிருந்தேன்.

பிளேடு 110 மி.மீ. விட்டம், 20 மி.மீ. நடுத்துளை. கடையில் ஒரே விட்டத்தில் நடுத்துளை வேறுபட்ட பிளேடுகள் அடுத்தடுத்துத் தொங்கும். துளை பெரிதாக இருப்பதை வாங்கி ஏதாவது ஒன்றைச் சுற்றி இறுக்கிக்கொள்ளலாம் என்று எண்ணவே கூடாது. என் கருவி நிமிடத்துக்கு 13,000 முறை சுழல்கிறது. 110 மி.மீ. பிளேடின் விளிம்பில் அது நொடிக்கு 75 மீட்டர், அதாவது மணிக்கு 270 கி.மீ. வேகம். நடுவிலிருந்து ஒரு மயிரிழை விலகி இறுகிய பிளேடு இந்த வேகத்தில் என்ன செய்யும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். பிளேடின் மேல் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் கருவியின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், அம்புக்குறி சுழலும் திசையைக் காட்ட வேண்டும், காப்புமூடி கழற்றப்படாமல் இருக்க வேண்டும். மாட்டியதும் எதையும் தொடாமல், முகத்தை விலக்கி வைத்து, ஒரு நிமிடம் வெறுமனே ஓட்டினேன்.

விளிம்பில் இடைவெளி விட்டு வெட்டுப்பற்கள் இருக்கும் பிளேடு கான்கிரீட்டுக்கும் கல்லுக்கும் உரியது. வேகமாக வெட்டும், ஆனால் டைலின் மேற்பூச்சைச் சில்லுச் சில்லாகப் பெயர்க்கும். இடைவெளியே இல்லாத தொடர்விளிம்பு பிளேடு மெதுவாக, சுத்தமாக வெட்டுகிறது. அதன் விலை சாதாரணப் பிளேடைப் போல மூன்று மடங்கு இருந்தது. உடையாமல் தப்பிய டைல்களைக் கணக்கில் எடுத்தால் அது ஈடாகிவிடுகிறது. சில வெட்டுகளுக்குப் பிறகு பிளேடு வெட்டுவதை நிறுத்திவிட்டு உரசத் தொடங்கியது, கருவியின் ஒலி ஏறியது, விளிம்பில் தீப்பொறி தெரிந்தது. அழுத்தத்தைக் கூட்டியதும் டைலின் ஓரம் சூடேறி ஒரு சில்லு தெறித்ததுதான் மிச்சம். இந்தப் பிளேடின் விளிம்பில் வெட்டுவதற்கான வைரத் துகள்கள் உலோகப் பசைக்குள் புதைந்திருக்கின்றன. டைல் மிகக் கடினமாக இருந்து பசையைத் தேய்க்காவிட்டால் மழுங்கிய வைரங்களே மேலே நின்றுவிடுகின்றன. மென்மையான, மணல் நிறைந்த செங்கல் ஒன்றில் தண்ணீரோடு ஆழமில்லாத சில கோடுகளை வெட்டியதும் புதிய வைரங்கள் வெளிப்பட்டுப் பிளேடு மீண்டும் உயிர்பெற்றது. அதற்குப் பிறகு ஒலி ஏறும்போதெல்லாம் அந்தச் செங்கல்லைத் தேடினேன்.

டைலைத் தாங்கும் படுக்கைதான் அடுத்த பாடம். இரண்டு மரச்சட்டங்களின் மேல் வைத்து நடுவில் வெட்டினால், வெட்டு முடியும் தறுவாயில் இரு பாதிகளும் உள்நோக்கிச் சாய்ந்து பிளேடைக் கவ்விக்கொள்கின்றன. அந்த நொடியில் கருவி பின்னோக்கி, வெட்டுபவரை நோக்கித் தாவுகிறது. ஒருமுறை அப்படித் தாவியதில் டைலின் மூலை போனது, என் உடல் பிளேடின் கோட்டிலிருந்து விலகி நின்றதால் வேறு எதுவும் போகவில்லை. அதன் பின் 50 மி.மீ. கனத் தெர்மாகோல் பலகையை ஒட்டுப்பலகையின் மேல் விரித்து, டைல் முழுவதும் அதில் படியும்படி வைத்தேன். பிளேடு டைலைக் கடந்து தெர்மாகோலில் சில மி.மீ. இறங்கும், இரு பாதிகளும் அசையாது. டைலை இரண்டு பிடிக்கருவிகளால் பலகையோடு இறுக்கி, இடையில் ரப்பர் துண்டு கொடுத்தேன். ஒரு கையால் டைலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வெட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. கருவிக்கு இரண்டு கையும் வேண்டும்.

முதல் ஓட்டம் 1 மி.மீ. ஆழம் மட்டுமே. அது வெட்டு என்பதைவிட, பிளேடு பின்னர் தடம் மாறாமல் ஓடுவதற்கான வாய்க்கால். அதன் பின் ஓட்டத்துக்கு 3 மி.மீ. என்று ஆழத்தைக் கூட்டினேன். வெட்டு முடியும் விளிம்பில் எப்போதும் ஒரு மூலை பிய்ந்துகொண்டே இருந்தது. தொடங்கும் முன் அந்தத் தொலை முனையிலிருந்து உள்நோக்கி 50 மி.மீ. முழு ஆழத்துக்கு வெட்டி வைத்துவிட்டு, பிறகு இந்த முனையிலிருந்து போய் அதோடு சேர்ந்ததும் அந்தத் தொல்லை நின்றது.

கதவு நிலைக்கான எல் வடிவ வெட்டில்தான் அதிக டைல் வீணானது. இரண்டு கோடுகளும் சந்திக்கும் உள்மூலையில் இருந்து டைலின் குறுக்கே ஒரு விரிசல் ஓடியது. சில சமயம் வெட்டும்போதே, சில சமயம் வெட்டி முடித்துக் கையில் தூக்கும்போது. சூளையில் இருந்து வெளிவந்து குளிரும்போது டைலுக்குள் தங்கிவிடும் இறுக்கம் முழுவதும் கூர்மையான உள்மூலையில் குவிகிறது. மூலையில் முதலில் ஒரு துளை போட்டுவிட்டால் அந்த இறுக்கம் வளைவில் பரவிப் போகிறது. 10 மி.மீ. வைரத் துளைமுனையால், துளையின் வட்டம் இரண்டு கோடுகளையும் உள்ளிருந்து தொடும்படி, கழிவுப் பகுதிக்குள்ளேயே துளையிட்டேன். வெட்டு முடிந்ததும் மூலையில் 5 மி.மீ. ஆரமுள்ள வளைவு மிஞ்சுகிறது. மூலைவிட்டத்தில் அது 2 மி.மீ. மட்டுமே உள்ளே வருவதால், நிலையைச் சுற்றி நான் விட்டிருந்த 3 மி.மீ. இடைவெளியே அதை விழுங்கிவிட்டது. அரம் எடுத்துத் தேய்க்கத் தேவைப்படவில்லை.

துளை இருந்தும் ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. பிளேடு வட்டமாக இருப்பதால் மேற்புறத்தில் கோட்டின் முனையைத் தொடும்போது அடிப்புறத்தில் வெட்டு இன்னும் முனைக்கு வந்திருக்காது. 110 மி.மீ. பிளேடு மேற்பரப்பிலிருந்து 12 மி.மீ. இறங்கியிருக்கும்போது, 9 மி.மீ. டைலின் அடியில் ஏறக்குறைய 16 மி.மீ. வெட்டுப்படாமல் நிற்கிறது. அதையும் வெட்டிவிடலாம் என்று மேலிருந்தே முன்னேறினால் டைலின் முகத்தில் அதே 16 மி.மீ. நீளத்துக்கு மிகுதியான கீறல் விழும், அது எப்போதும் கண்ணில் படும். ஆகவே முகப்பிலிருந்து துளையின் விளிம்பு வரை வெட்டி, டைலைக் கவிழ்த்து, பின்புறத்தில் அதே கோட்டை மூலைமட்டத்தால் வரைந்து, அங்கிருந்தும் துளை வரை வெட்டினேன். இப்போது நடுத்தடிமனில் 6, 7 மி.மீ. அளவுக்கு ஒரு சிறு ஆப்பு மட்டும் மிஞ்சுகிறது. கழிவுத் துண்டைத் தட்டாமல், இடுக்கியால் மெதுவாக ஆட்டினால் அது விடுபட்டு வருகிறது. மிஞ்சிய முனையை வைரத் தேய்ப்பான் பார்த்துக்கொள்ளும்.

தரை வடிகாலுக்கான சதுரத் திறப்பு ஒரு டைலின் நடுவில் வந்தது; அதை அப்படியே வெட்டியிருந்தால் நான்கு உள்மூலைகளோடு போராட வேண்டியிருந்திருக்கும். நான் அந்த டைலை வடிகாலின் நடுக்கோட்டில் முறித்து இரண்டாக்கினேன். ஒவ்வொரு பாதியிலும் விளிம்பிலிருந்து உள்ளே போகும் ஒரு வெட்டுவாய், இரண்டு உள்மூலைகள். இரண்டிலும் முதலில் துளை. நடுவில் வரும் இணைப்புக்கோடு வடிகாலின் மூடிக்கு நேராக ஓடுவதால் வேண்டுமென்றே செய்தது போலத்தான் இருக்கிறது. சில நண்பர்களுக்கு இது குறுக்குவழியாகத் தெரிகிறது. எனக்கு இது வெட்டும் முறையை அறிந்து வரைபடத்தைத் திருத்துவதாகவே தெரிகிறது.

குழாய்க்கான 35 மி.மீ. வட்டத் துளைக்கு வைர உருளைமுனையும் பேட்டரி டிரில்லும் போதுமாயின. தண்ணீர் அருகில் இருக்கும் வேலையில் பேட்டரிக் கருவி தரும் நிம்மதி தனி. சுத்தியல் இயக்கத்தை அணைத்திருக்கிறோமா என்று இருமுறை பார்க்க வேண்டும். அந்த அதிர்வு ஒரு நொடி பட்டாலும் டைல் நட்சத்திரமாகப் பிளக்கும். பளபளப்பான பரப்பில் உருளைமுனையை நேராக வைத்தால் அது சறுக்கி ஓடிக் கீறுகிறது. சாய்வாக, 45 பாகையில் வைத்து முதலில் ஒரு பிறைவடிவப் பள்ளத்தை உண்டாக்கி, பிறகு மெல்ல நிமிர்த்தி வட்டத்தை முழுமையாக்கினேன். சுற்றிலும் ஜன்னல் கண்ணாடிக்கான மக்கால் ஒரு சிறு வரப்புக் கட்டித் தண்ணீரைத் தேக்கியது நல்ல யோசனை. சிறிய துளைக்கு நிமிடத்துக்கு 900 சுழற்சி, 35 மி.மீ. துளைக்கு அதில் பாதி. இரண்டிலும் அழுத்தம் குறைவு, அவ்வப்போது தூக்கித் தண்ணீர் உள்ளே போக விடுதல். கடைசி மில்லிமீட்டரில் கருவியின் எடைகூட அதிகம். அதையும் கையால் தாங்கிக்கொண்டேன்.

வெளியே தெரியும் விளிம்புகளை 60, 120, 200, 400 என்று சொரசொரப்பு குறைந்துகொண்டே போகும் வரிசையில் வைரத் தேய்ப்பானால், தண்ணீர் தொட்டு, ஒரே திசையில் முகப்பிலிருந்து அடிநோக்கித் தேய்த்தேன். எதிர்த் திசையில் தேய்த்தால் மேற்பூச்சு பெயரும். மேல்விளிம்பில் அரை மி.மீ. சாய்வு கொடுத்ததும் கை அறுக்கும் கூர்மை போய், தொழிற்சாலை விளிம்புக்கு அருகில் வைத்தாலும் வேறுபாடு தெரியாத நிலை வந்தது. ஸ்கர்டிங்குக்குள், அதாவது சுவரின் அடியில் ஓடும் பட்டைக்குள், மறையும் விளிம்புகளுக்கு இதில் எதுவும் செய்யவில்லை.

செலவைப் பார்த்தால் டைலுக்கு அடுத்தபடியாக மார்பிள் கட்டர், அதற்குப் பின் ரயில் கட்டரின் வாடகை, பிறகு பிளேடும் துளைமுனைகளும் என்று இறங்குகிறது. கண், காது, மூக்கு, கை ஆகியவற்றுக்கான எல்லாப் பாதுகாப்புப் பொருள்களும் சேர்ந்து அந்தப் பட்டியலின் அடியில்தான் நிற்கின்றன. வீணான டைல்களின் விலையைக்கூட அவை எட்டவில்லை.

அடுத்த முறை செய்யும்போது மாற்றிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. எல் வடிவ வெட்டை முழு டைலில் தொடங்காமல், முறித்து மிஞ்சிய துண்டுகளில் முதலில் பழகுவேன். அதே கடினம், அதே தடிமன், இழப்பு எதுவுமில்லை. ரயில் கட்டருக்கு மாற்றுச் சக்கரத்தைக் கருவியோடு சேர்த்தே வாங்கிவிடுவேன். தண்ணீர்க் குழாயின் நுனி பிளேடின் ஒரு பக்கத்தை மட்டும் நனைத்ததால், மறுபக்கம் நனைய இன்னொருவர் துளையிட்ட புட்டியிலிருந்து தண்ணீர் விட வேண்டியிருந்தது. அவர் நின்ற இடம் பிளேடுக்கு நான் விரும்பியதைவிட அருகில். தண்ணீரோடு வெட்டும் மேசை வெட்டுக்கருவியை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, எல்லா எல் வெட்டுகளையும் ஒரே மூச்சில் முடிப்பது அதைவிடப் பாதுகாப்பு, கணக்குப் பார்த்தால் செலவும் பெரிதாக அதிகரிக்காது.

வெட்டிய இடத்தில் தேங்கும் சாம்பல்நிறச் சேற்றைக் காய விடுவதும் கூடாது, காய்ந்தால் அது மீண்டும் அதே தூசி. அடியில் விரித்திருந்த பிளாஸ்டிக் தாளோடு ஈரமாகவே மடக்கி ஒரு வாளியில் போட்டு, மேலே தெளிந்த தண்ணீரை மறுநாள் வடித்துவிட்டு, படிந்ததைப் பையில் கட்டிக் கட்டடக் கழிவோடு சேர்த்தேன். வடிகாலில் ஊற்றினால் குழாயின் வளைவில் படிந்து இறுகும். உடைகளை உதறாமல் நேராகத் தண்ணீரில் நனைத்தேன். தரையை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தேன். முகக்கவசத்தை அதற்குப் பிறகுதான் கழற்றினேன்.